மாப்பிள்ளை வீட்டார் முதல் இறங்கட்டும்

சண்முகலிங்கத்துக்கு ஒரு வியாதி இருந்தது. சீனி வருத்தமும் பிரஷரும் தனி, அதுகளுக்குக் குளிசை இருக்கு. நான் சொல்லுறது வேற வியாதி. சம்பந்தி வீட்டாரைக் கண்டால் அந்தாளுக்குக் கால் நகராது. கதவென்றால் அவை முதல் போகவேணும், கதிரையென்றால் அவை முதல் இருக்கவேணும், தேத்தண்ணியென்றால் அவை முதல் வாயில் வைக்கவேணும். அவை வைக்காட்டால் இவர் கோப்பையைக் கையில் பிடிச்சபடி ஆறவிட்டுக்கொண்டு நிற்பார்.

வியாதி தொடங்கின நாளும் தெரியும், இடமும் தெரியும். போன வருசத்துக்கு முந்தின ஆகஸ்ட், செயின்ட்-மிஷேலில் ஒரு மண்டபம், மகள் தனுஷாவின் கலியாணம். மாப்பிள்ளை நிர்மல் கோயம்புத்தூர்ப் பெடியன், மொன்றியலுக்குப் படிக்க வந்து கொம்பியூட்டர் வேலையில் அமர்ந்தவன். தகப்பன் வீரபத்திரனும் தாய் ராஜாமணியும் கலியாணத்துக்கென்றே பிளேன் ஏறி வந்திருந்தார்கள். எங்கட சனம் தெரியும்தானே, ஐந்நூறு பேருக்குச் சொன்னால் அறுநூற்றைம்பது பேர் வரும். இரண்டாம் பந்தியில் வடை முடிஞ்சுது. முடிஞ்ச இடம் சரியாக மாப்பிள்ளையின் தாயின்ரை இலை. சண்முகலிங்கம் வேட்டி தடக்க ஓடிப்போய் மன்னிப்புக் கேட்க, ராஜாமணி சிரிச்சபடி, "அதனால என்னங்க, பரவாயில்லீங்க" என்றார்.

அவ்வளவுதான். அந்த அம்மா அதை அந்த இடத்திலேயே மறந்திருப்பார். இந்த மனுசன் அதைத் தூக்கிக்கொண்டு லாசாலில் இருக்கிற வீட்டுக்கு வந்து, குளிரூட்டிக்குள் வைச்ச மாதிரி வைச்சிருந்து, கிழமைக்கொருக்கா வெளியில் எடுத்தார்.

"சிவாஜினி, அவ 'பரவாயில்லை' எண்டு சொன்ன விதத்தைக் கவனிச்சனீரோ? முகம் சிரிச்சது. கண் சிரிக்கேல்லை."

"அவவுக்குக் கண்ணிலை கற்றாக்ட், புரை வளர்ந்திருக்கு அப்பா" என்று பெண்சாதி சிவாஜினி சொல்லுவாள். எடுபடாது.

சிவாஜினிக்கு ஐம்பத்திமூன்று வயசு. உறைய வைச்ச சமோசா செய்யிற ஃபக்டறியில் பெட்டி கட்டுகிற வேலை. ஒரு நாளைக்கு நாலாயிரம் சமோசாவுக்கு நல்லடக்கம் செய்கிற பொம்பிளை என்று தன்னைத்தானே பகிடி பண்ணுவாள். இருபத்தெட்டு வருசக் குடும்பத்தில் தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை. பெரிய தியாகம் என்று நினைச்சுப்போடாதேங்கோ. கேட்கிறதுக்கு அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அப்படியிருந்தவளுக்கு ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் ஆசை பிடிச்சது. ஊசி போட்டு, வாய் ஒரு பக்கம் விறைச்சு, எச்சில் வழிய வழிய இருந்தபோது சுவரில் தொங்கின டிவியில் பிரெஞ்சில் ஏதோ போய்க்கொண்டிருந்தது. கடலுக்கடியில் ஒரு திமிங்கிலம். ஹம்ப்பேக் என்கிற கூனல் திமிங்கிலம். தாய் அசையாமல் நித்திரை, அதின்ரை தாடைக்கு, நாடிக்குக் கீழே குட்டி. பக்கத்தில் முகமூடியும் மூச்சுக்குழாயுமாக ஒரு கிழவி, சத்தியமாக எழுபது வயசிருக்கும், சும்மா மிதந்துகொண்டு பார்க்கிறாள். குட்டி திரும்பி அந்தக் கிழவியைப் பார்த்தது. சிவாஜினிக்கு அந்தக் கிழவியில் வந்த பொறாமை மாதிரிப் பொறாமை வாழ்க்கையில் ஒருத்தரிலும் வரவில்லை, நகைக்கடை வைச்சிருக்கிற மச்சாளில்கூட.

ஆனால் நீந்தத் தெரியாதே. கடலிலிருந்து மூன்று மைலில் பிறந்தவள்தான். அந்த நாளில் பொம்பிளைப் பிள்ளைகள் கணுக்காலுக்கு மேல் நனைஞ்சால் ஊரே கூடிவிடும். ஆகவே லாசாலில் நகரசபை நடத்துகிற பிசீன் என்கிற நீச்சல் குளத்துக்குப் போய், பெரியாக்களுக்கான தொடக்க வகுப்பில் பேரைப் பதிஞ்சாள். புருசனிடம், "முழங்கால் நோவுக்குத் தண்ணிக்குள்ளை நடக்கச் சொன்னவை" என்றாள். பொய் இல்லை. முதல் இரண்டு கிழமையும் நடந்தவள்தான். பேந்து நடக்கவில்லை.

எட்டு மாசம். முகத்தைத் தண்ணிக்குள் வைக்கவே ஆறு கிழமை எடுத்தது. மூக்கால் குடிச்ச குளோரின் தண்ணியைச் சேர்த்தால் ஒரு வீட்டைக் கழுவலாம். கடைசியில் ஒருநாள் முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி, கையையும் காலையும் விட்டுவிட்டு, குப்புற, ஒன்றும் செய்யாமல் மிதந்தாள். மிதந்தபடியே குழாய்க்குள்ளால் சத்தம் போட்டுச் சிரிச்சாள். படிப்பிக்கிற பெட்டை மூச்சுத் திணறுது என்று பயந்து தூக்கிவிட்டது.

இந்தக் குளிர்காலம் சம்பந்தி வீட்டார் திரும்பவும் வந்து சேர்ந்தார்கள், ஆறு மாச விசாவில். வியாதி முற்றிப்போச்சு. ஒரு சனிக்கிழமை ஜான்-டலோன் சந்தையைக் காட்டக் கூட்டிக்கொண்டு போய், கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு, நாலு பேருமாக மெட்ரோவுக்கு வந்தார்கள். வண்டி வந்தது, கதவு திறந்தது.

"சம்பந்தி, நீங்கள் முதல் ஏறுங்கோ."

"அட, நீங்க ஏறுங்க சம்பந்தி."

"சீச்சீ, அதெப்பிடி. நீங்கள் ஏறுங்கோ."

பின்னால் வந்த சனம் இடிச்சதில் ராஜாமணியும் கத்தரிக்காயும் மட்டும் உள்ளே போக, கதவு பூட்டிச்சு. வண்டியும் வெளிக்கிட்டுது. அந்த அம்மாவுக்கு பிரெஞ்சும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது, போனும் வீரபத்திரனின் பைக்குள். மற்ற மூன்று பேரும் அடுத்த வண்டியில் விழுந்தடிச்சுப் போக, அடுத்த ஸ்டேசனில் ராஜாமணி வாங்கில் பலகையில் கத்தரிக்காய்ப் பையை மடியில் வைச்சபடி இருந்தார். எழும்பி வந்து சொன்னது ஒரே ஒரு சொல்தான்: "பரவாயில்லீங்க."

அன்றைக்குச் சண்முகலிங்கம் சாப்பிடவில்லை.

இந்த நிலைமையில்தான் நிர்மல், "அத்தை, பிப்ரவரியில எல்லாரும் ஏதாவது தீவுக்குப் போலாமா? இந்தக் குளிர் தாங்கல. எங்க போகணும்னு நீங்க சொல்லுங்க" என்று கேட்டான். அவளைப் பார்த்துக் கேட்டான். சிவாஜினிக்கு வாய் தன்பாட்டில் திறந்தது. "திமிங்கிலம் பாக்கிற இடம். மேலை நிண்டு இல்லை, தண்ணிக்குள்ளை."

சண்முகலிங்கம் திடுக்கிட்டுப்போனார். "விசரே உமக்கு? சம்பந்தி வீட்டாருக்கு முன்னாலை ஈர உடுப்போடை நிக்கப்போறீரோ?" ஆனால் வீரபத்திரன், "நல்ல யோசனைதானுங்க சம்பந்தி, நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்று சொல்லிப்போட்டார். மாப்பிள்ளை வீட்டார் நல்லதென்று சொன்னதை இல்லையென்று சொல்ல அந்தாளுக்கு ஏது வாய்? அன்றைக்குத்தான் அந்த வியாதியால் சிவாஜினிக்கு முதல்முதல் ஒரு நன்மை கிடைச்சது.

தீவின்ரை பேரைச் சொல்ல மாட்டன். சொன்னால் அடுத்த பெப்ரவரி மொன்றியல் தமிழ்ச்சனம் முழுக்க அங்கைதான் நிற்கும், மிக்சர் பையோடை. குளிர்காலத்தில் திமிங்கிலங்கள் குட்டி போட வருகிற வெப்பக்கடல், அனுமதி எடுத்த வள்ளத்தில் போய் இறங்கலாம், அவ்வளவு போதும். நிர்மல் இரண்டு நாளுக்கு வள்ளம் பிடிச்சிருந்தான். முதல் நாள் தூரத்தில் வால்தான் தெரிஞ்சுது. இரண்டாம் நாள்தான் கடைசி.

அன்று காலமை ஹோட்டலில் முட்டைப்பொரியலுக்கு முன்னால் சண்முகலிங்கம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இஞ்சை பாரும். மாப்பிள்ளை வீட்டார் இறங்கின பிறகுதான் நாங்கள். ஒரு வடை, ஒரு மெட்ரோ. மூண்டாவது பிழை விட ஏலாது. விளங்கிச்சோ?"

"ஓம்" என்றாள் சிவாஜினி. அவை இறங்கினால் என்ன, ஐஞ்சு நிமிசம் பிந்தி இறங்குவம் என்று நினைச்சாள் பாவம்.

வள்ளத்தில் கறுத்த றப்பர் உடுப்புக் குடுத்தார்கள். உடம்பின் உண்மையெல்லாம் சொல்லுகிற உடுப்பு. சண்முகலிங்கம் அதுக்கு மேலே இடுப்பில் ஒரு லுங்கிச் சாரம் கட்டி, சாரத்துக்கு மேலே உயிர்காப்புச் சட்டையும் போட்டார். வழிகாட்டி சிசிலி என்று ஒரு பிரெஞ்சுக்காரி அந்தச் சாரத்தை இரண்டு தரம் பார்த்தாள். தனுஷாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. பின்பக்கம் வாளிக்கு மேல் குனிஞ்சபடி, நிர்மல் தலையைப் பிடிக்க, சத்தியெடுக்கிற இடைவெளியில் சிசிலி சொன்னதை மொழிபெயர்த்தாள்.

"நாலு நாலு பேராய்த்தான் இறங்கலாமாம். குதிக்கக் கூடாதாம், வழுக்கி இறங்கட்டாம். கை கால் அடிக்கக் கூடாதாம். சும்மா குப்புற மிதந்துகொண்டு அசையாமல் பாக்கட்டாம். அசைஞ்சால் அது போயிடுமாம்... ஐயோ அம்மா..." என்று திரும்பவும் வாளிக்குள் குனிஞ்சாள்.

பத்து மணிபோல வள்ளக்காரன் இயந்திரத்தை நிற்பாட்டினான். கீழே தாயும் குட்டியும். மேலிருந்து பார்க்கவே தண்ணிக்குள் இரண்டு வெள்ளைச் செட்டை விரிஞ்சு கிடக்கிறது தெரிஞ்சுது. சிசிலி ஏணியைக் காட்டி, இப்போ, மெதுவாக, என்று கையைக் காட்டினாள்.

"சம்பந்தி, நீங்கள் முதல்."

"ஐயோ, வயசுல பெரியவங்க நீங்க. நீங்க எறங்குங்க."

"வயசு இஞ்சை கணக்கில்லை. நீங்கள் மாப்பிள்ளை வீட்டார்."

"அதெல்லாம் பாக்காதீங்க. நீங்க கடலோரத்துக்காரங்க. எங்களுக்கு வாய்க்காத் தண்ணிதானுங்க தெரியும்."

"அப்ப நீங்கள்தான் முதல் பாக்கவேணும். நாங்கள் கடல் கண்ட ஆக்கள்."

குட்டி மேலே வந்து மூச்செடுத்துப் போச்சுது. "அம்மாவாவது முதல் இறங்கட்டும்" என்றார் சண்முகலிங்கம். "சம்பந்தியம்மா எறங்கட்டுங்க, நான் பொறவு வர்றேன்" என்றார் ராஜாமணி. குட்டி இரண்டாந்தரம் வந்தது, மூன்றாந்தரம் வந்தது. பிறகு தாயும் வந்து, பெரிசாக ஒரு மூச்சு விட்டு, குட்டியையும் கூட்டிக்கொண்டு போயிட்டுது. முப்பது தொன் சீவன் என்றாலும் பொறுமைக்கு ஒரு அளவு இருக்குத்தானே.

சிசிலி குழம்பிப்போய் தனுஷாவிடம் ஏதோ கேட்டாள். "நீங்கள் எல்லாரும் கும்பிடுறீங்களோ எண்டு கேக்கிறா. ஓம் எண்டு சொல்லிப்போட்டன்" என்றாள் தனுஷா.

சிவாஜினிக்கு நெஞ்சு கொதிச்சுது. ஒரு மணித்தியாலம் கழிச்சு இன்னொரு தாயும் குட்டியும் கிடைச்சது. காத்து எழும்புது, இதோடை திரும்பவேணும், இதுதான் கடைசி என்றாள் சிசிலி. அவள் சொல்லி வாய் மூடவில்லை, "சம்பந்தி, இந்த முறை நீங்கள்தான்" என்று சண்முகலிங்கம் தொடங்கிவிட்டார். "நீங்க எறங்குனா நாங்க எறங்குன மாதிரிங்க" என்றார் வீரபத்திரன்.

அப்போதுதான் சிவாஜினி ராஜாமணியின் கையைப் பார்த்தாள். வாய் "நீங்க போங்க, நீங்க போங்க" என்று சிரிச்சபடி சொல்ல, கை வள்ளத்தின் கம்பியை விரல் வெளுக்கப் பிடிச்சிருந்தது. அடக் கடவுளே. இது உபசாரம் இல்லை. இந்த மனுசிக்குத் தண்ணியென்றால் சாகிற பயம். வா என்று கூட்டிவந்த சம்பந்தி மனம் நோகும் என்று சொல்ல முடியாமல் நிற்கிறா. வீரபத்திரனும் அப்படித்தான். அவை இறங்கப்போறதில்லை. அவை இறங்காமல் இந்தாள் இறங்கப்போறதில்லை. இப்படியே திமிங்கிலம் கிழடாகிச் செத்தாலும் இந்த வள்ளத்திலிருந்து ஒரு தமிழன் தண்ணியில் கால் வைக்கப்போறதில்லை.

எட்டு மாசம். அவள் முகமூடியை இழுத்துப் போட்டாள், குழாயைக் கடிச்சாள், ஏணியால் சத்தமில்லாமல் வழுக்கி இறங்கினாள். பின்னால் "சிவாஜினி!" என்று ஒரு சத்தம். தண்ணிக்குள் அது கேட்கவில்லை.

நீலம். பிசீன் நீலம் இல்லை, அடி தெரியாத நீலம். முதலில் ஒன்றும் தெரியாமல் பயம் வந்தது. பிறகு கீழே நிலம் என்று நினைச்சது நிலமில்லை என்று விளங்கிச்சு. அதுதான் தாய். முதுகு மட்டும் பஸ் அளவு. சிவாஜினி கையையும் காலையும் விட்டாள், குப்புற, அசையாமல் கிடந்தாள். குட்டி தாயின் நாடிக்குக் கீழேயிருந்து கழன்று மேலே வந்து மூச்செடுத்தது. திரும்பிப் போற வழியில் அவளுக்குப் பக்கத்தில் சரிஞ்சு நின்று பார்த்தது. ஆரஞ்சுத் தோடம்பழம் அளவு கண். அது வாங்கோ என்றும் சொல்லவில்லை, போங்கோ என்றும் சொல்லவில்லை. யார் முதல், யார் பிறகு என்று அதுக்கு ஒன்றும் இல்லை. பார்க்க வேணும் போல இருந்தது, பார்த்தது. சிவாஜினிக்கு அழுகை வந்தது. சந்தோசம்தான், வேறொன்றும் இல்லை. முகமூடிக்குள் கண்ணீர் தேங்கி மூக்கில் முட்டிச்சு, அதையும் அசையாமல் விட்டாள்.

குட்டி இன்னொருக்கா வந்தது. இந்த முறை இன்னும் கிட்ட.

தடாலென்று தலைக்கு மேல் கடல் உடைஞ்சுது. நுரை, நுரைக்குள் ஒரு கட்டம் போட்ட சாரம் குடையாக விரிய, அதுக்குள்ளிருந்து இரண்டு கால் கண்டபாட்டுக்கு உதைச்சுது. குட்டி வெருண்டு தாயின் கீழே ஓட, தாய் வாலை ஒரேயொருக்கா அசைச்சுது. நீலம் வெறுமனே கிடந்தது.

சிவாஜினி தலையைத் தூக்கினாள். உயிர்காப்புச் சட்டைக்குள் சண்முகலிங்கம், வாயெல்லாம் உப்புத்தண்ணி, அவளின் தோளை நகம் பதியப் பிடிச்சுக்கொண்டு, "விடமாட்டன்! விடமாட்டன்!" என்று குழறினார். சிசிலி பிரெஞ்சில் கத்த, வள்ளக்காரன் அந்தாளைச் சட்டையில் பிடிச்சு மேலே இழுத்துப் போட்டான். சாரம் மட்டும் தன்பாட்டில் தென்திசையாகப் போனது.

வள்ளத்தில் ஏறின சிவாஜினி இருபத்தெட்டு வருசத்தில் கத்தாத கத்துக் கத்தினாள், மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால். "கோதாரி விழுந்த மனுசா! எட்டு மாசம் மூக்காலை தண்ணி குடிச்சுப் பழகினனான் நான், இந்த ஒண்டுக்காக! அது என்னட்டை வந்தது! கையெட்டுற தூரத்திலை வந்தது! நீந்தத் தெரியாத ஆள் எதுக்குக் குதிச்சனீங்கள்?"

எல்லாரும் சண்முகலிங்கம் சம்பந்தியிடம் மன்னிப்புக் கேட்கப் போறார் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தாள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. துவாயைப் போர்த்தபடி அவளின் மணிக்கட்டைப் பிடிச்சிருந்தார்.

"நீர் குப்புறக் கிடந்தீர். அசையேல்லை."

"அப்பிடித்தான் கிடக்கச் சொன்னவை! கேக்கேல்லையோ?"

"கேட்டனான். கிளாலியிலை எங்களுக்கு முன்னாலை போன வள்ளத்துக்குச் சுட்டவங்கள். விடிய நாங்கள் அதுக்குள்ளாலைதான் வந்தனாங்கள். எல்லாரும் அப்பிடித்தான் மிதந்தவை. குப்புற, அசையாமல். நான் ஒருத்தரையும் பிரட்டிப் பாக்கேல்லை."

யுத்தத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறச் சனம் களவாக வள்ளத்தில் கடந்த கடல்நீரேரி கிளாலி. அந்தக் கதையை அந்தாள் நூறு தரம் சொல்லியிருக்கிறார். எல்லாம் பகிடிதான். சூட்கேசுக்குள் கோழி கொண்டுவந்த கிழவன், வள்ளத்துக்குள் வயிற்றில் கொதிவலி வந்த வாத்தியார் என்று சபையே விழுந்து சிரிக்கும். இதைச் சொன்னதில்லை. சிவாஜினிக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கோபம் போன இடத்தில் என்ன வைக்கிறதென்றும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்து துவாயின் நுனியால் அந்தாளின் தலையைத் துடைச்சாள்.

ராஜாமணி கம்பியை விட்டுவிட்டு, தடுமாறித் தடுமாறி வந்து முன்னால் குந்தினார். "சம்பந்தியம்மா, எனக்குத் தண்ணின்னா உசுரே போயிருங்க. நான் எறங்கவே மாட்டேனுங்க. மொதல்லயே சொல்லியிருக்கணும். நீங்க மனசு சங்கடப்படுவீங்கன்னு சொல்லாம விட்டேன்."

அந்த நேரம் வள்ளக்காரன் கூவினான். அதே தாயும் குட்டியும், அவ்வளவு தூரமில்லை, திரும்பவும் அசையாமல் கிடக்குது. சிசிலி காத்தைப் பார்த்தாள், மணிக்கூட்டைப் பார்த்தாள். பத்து நிமிசம், ஒரு ஆள், குதிக்கிறவர் வள்ளத்திலேயே இருக்கவேணும் என்றாள்.

சிவாஜினி எழும்பவில்லை. அந்தாளின் கை இன்னும் அவளின் மணிக்கட்டில் இருந்தது. போகவேணும் போலவும் இருந்தது, இந்தக் கையைக் கழட்ட முடியாமலும் இருந்தது.

சண்முகலிங்கம் கையைத் தானே எடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

"நீர் போம்."

"நீங்கள்?"

"நான் இதிலை நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். இடைக்கிடை ஒருக்காக் கையைத் தூக்கிக் காட்டும். அது போதும்."

சிவாஜினி இறங்கினாள். கீழே தாய் கிடந்தது, நாடிக்குக் கீழே குட்டி கிடந்தது. அவள் குப்புற, அசையாமல் மிதந்தாள். முப்பது எண்ணி, தண்ணி சலசலக்காமல் வலக்கையை மட்டும் மெல்ல வெளியில் தூக்கி, திரும்ப இறக்கினாள். திரும்ப முப்பது எண்ணினாள். குட்டி வந்து சரிஞ்சு பார்த்தபோதும் எண்ணிக்கையை விடவில்லை.

அவள் கை தூக்கின ஒவ்வொரு தடவையும், வள்ளத்தில் நின்ற சண்முகலிங்கமும் கையைத் தூக்கினாராம். அவள் பார்க்க மாட்டாள் என்று தெரிஞ்சும் தூக்கினாராம். மொன்றியலுக்கு வந்த பிறகு ராஜாமணிதான் அதை அவளுக்குச் சொன்னார்.